படம் எடுப்பதற்கு முன்

(சிகாமட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். அந்தக் கருவியைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அதற்குள் ஒரு கிருமி போய்ச் சேர்வதற்கு முன்பு அதை என்னென்ன செய்கிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு. என் வேலையே அதுதான். பாடநூலில் ஒரு வைரஸ் படம் இருந்தால், கீழே எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்று போட்டிருப்பார்கள். மாதிரியைத் தயாரித்த கையைப் பற்றி ஒரு சொல் இருக்காது. அந்தப் படத்தை நம்பலாமா கூடாதா என்பது பெரும்பாலும் அந்தக் கையில்தான் இருக்கிறது.

நம் மலேசியாவில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல், தலைவலி, நினைவு தடுமாற்றம் என்று தொடங்கியது. பிறகு சிரம்பான் பக்கத்தில், நம் ஊர்ப் பெயரைப் போலவே ஒலிக்கும் சிக்காமாட்டில் பரவியது. அங்கிருந்து புக்கிட் பெலாண்டோக். பன்றிகளை விற்க விற்க நோயும் கூடவே போனது. பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் சீனர்கள். அங்கே கூலிக்கு வேலை செய்த நம்மவர்களும் நோயில் விழுந்தார்கள். மொத்தம் 265 பேருக்கு மூளைக்காய்ச்சல், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

தொடக்கத்தில் இதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். அது கொசுவால் வருவது. ஆகவே புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். மாதங்கள் ஓடின. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகமாகப் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றியோடு நெருங்கிப் பழகிய பெரியவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் பலமாக இருமிச் செத்தன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளிகளின் தண்டுவட நீரை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த குரங்குச் சிறுநீரக செல்களில் விட்டார். சில நாளில் செல்கள் ஒன்றோடொன்று கலந்து பெரிய பெரிய செல்களாக மாறின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்வதில்லை. அந்த வைரஸை எடுத்துக்கொண்டு அவர் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வகத்துக்குப் போனார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவுடன் விஷயம் தெரிந்துவிட்டது.

தெரிந்தது எப்படி? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் சிறியது, உருண்டையானது, ஏறக்குறைய 50 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இந்த வைரஸோ அதைவிடப் பெரியது, ஒன்று போல் ஒன்று இல்லை. உறை கிழிந்த இடத்தில் உள்ளிருந்த இழை வெளியே தெரியும்: ஒரு நடுத்தண்டு, அதன் இரு பக்கமும் சாய்ந்து சாய்ந்து வரிசையாக நிற்கும் கோடுகள். அந்த இழையைப் பார்த்தால் பாராமிக்ஸோ குடும்பம் என்று சொல்லிவிடலாம். தட்டம்மையும் பொன்னுக்கு வீங்கியும் அந்தக் குடும்பம்தான். அதே மையத்தின் அட்லாண்டா ஆய்வகத்தில் செய்த சோதனைகளில் இது 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரஸின் நெருங்கிய உறவு என்று தெரிந்தது. புக்கிட் பெலாண்டோக் பக்கத்துச் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிபா வைரஸ் ஆயிற்று. கொசுவை விட்டுவிட்டுப் பன்றியின் பக்கம் நாடு திரும்பியது அதற்குப் பிறகுதான்.

அந்த ஒரு பார்வைக்கு முன் நடந்த வேலையை இப்போது பார்ப்போம்.

பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியில் ஒளி போகிறது. ஒளியால் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. வைரஸ்கள் பெரும்பாலும் அந்த எல்லைக்கு உள்ளேயே அடங்கிவிடும். 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் ஒளிக்குப் பதில் எலக்ட்ரானை ஓடவிட்டுக் கருவி செய்தார்கள். ருஸ்காவின் தம்பி ஹெல்முட் ஒரு மருத்துவர். அந்தக் கருவியில் நுண்ணுயிரைப் பார்க்க வேண்டும் என்று விடாமல் முயன்றவர் அவர். 1939இல் புகையிலை மொசைக் வைரஸின் படம் வெளிவந்தபோது அதில் அவர் பெயரும் இருந்தது. அண்ணனுக்கு நோபல் பரிசு 1986இல் கிடைத்தது. தம்பி 1973இலேயே இறந்துவிட்டார். மருத்துவத்துக்கு இந்தக் கருவியைக் கொண்டுவந்தவர் என்று அவரை இன்னும் அதிகமாக நாம் நினைக்க வேண்டும்.

எலக்ட்ரான் காற்றில் ஓடாது. கருவிக்குள் வெற்றிடம் வேண்டும். உயிரில் பெரும்பகுதி தண்ணீர். வெற்றிடத்தில் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும், செல் கிழிந்துவிடும். இன்னொரு தொல்லை: உயிரின் உடம்பு கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் போன்ற எடை குறைந்த அணுக்களால் ஆனது. அவை எலக்ட்ரானை அதிகம் சிதறவிடுவதில்லை. தண்ணீரை வெளியேற்றி, வடிவத்தைக் கெடாமல் வைத்து, கனமான உலோகம் ஒன்றைச் சேர்த்தால்தான் படத்தில் கறுப்பும் வெள்ளையும் பிரியும். நாங்கள் செய்வதெல்லாம் இதற்காகத்தான்.

நம் ஊருக்குத் தெரிந்த ஒரு கிருமியை வைத்துச் சொல்கிறேன். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும், பிறகு 2011இலும், 2023 மார்ச்சிலும் சிகாமட்டில் வெள்ளம் வந்ததை இங்கே இருப்பவர்கள் வீட்டுக்குள் நின்று பார்த்தவர்கள். வெள்ளம் வடிந்தால் சுகாதாரத் துறை எலிச் சிறுநீர் நோய் என்று எச்சரிக்கை விடும். அந்த நோய்க்குக் காரணம் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா. நீளம் 6 முதல் 20 மைக்ரான், தடிமனோ 0.1 மைக்ரான்தான். சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. இருண்ட பின்புலம் வைத்தால் நெளிவது மட்டும் தெரியும். முனை ஏன் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது, நீந்துவதற்கான இழைகள் வெளியே இல்லையே, எங்கே இருக்கின்றன என்று பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

முதலில் அதை வளர்க்க வேண்டும். அது மெதுவாக வளரும். ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். வளர்க்கும் திரவத்தில் அல்புமின் என்னும் புரதம் நிறைய. அதைக் கழுவாமல் அப்படியே எடுத்தால் படம் முழுவதும் புரதப் படலம்தான் தெரியும், கிருமி அதற்குள் மூழ்கிவிடும். ஆகவே சுழற்றி அடியில் படியவைத்து, மேல் திரவத்தை எடுத்துவிட்டு, புதிய திரவத்தில் மெல்லக் கலக்க வேண்டும். வேகமாகச் சுழற்றினால் மெல்லிய சுருள் உடைந்துவிடும். பொறுமை இல்லாதவர் கையில் லெப்டோஸ்பைரா துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

அடுத்தது நிலைநிறுத்தம். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். குளூட்டரால்டிஹைடு என்னும் திரவத்தைச் சேர்க்கிறோம்; 1963இல் சபாடினி, பென்ஷ், பார்னட் ஆகியோர் இதன் பயனைக் காட்டினார்கள். அது புரதங்களைப் பக்கத்துப் புரதங்களோடு குறுக்குக் குறுக்காகப் பிணைக்கிறது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று சொன்னால் விளங்கும். வாளியில் வந்த பாலைத் தட்டில் ஊற்றி ஆசிட் கலந்தால் பால் உறைகிறது. எவ்வளவு கலப்பது, எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்பது கைப்பழக்கம். ஆனால் பால் உறையும்போது துகள்கள் இடம் பெயர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. எங்கள் வேலையில் எதுவும் இடம் பெயரக் கூடாது. உயிரோடு இருந்தபோது எது எங்கே இருந்ததோ அது அங்கேயே பிடிபட வேண்டும். அதற்காக அமிலத் தன்மையும் உப்பின் அளவும் உயிருக்கு ஏற்றபடி இருக்கும் கரைசலில்தான் அதைக் கலக்கிறோம். உப்பு குறைந்தால் செல் வீங்கும், கூடினால் சுருங்கும். இரண்டும் பிறகு படத்தில் உண்மை போலவே தெரியும்.

நிலைநிறுத்துவதற்கு இன்னொரு பயனும் உண்டு. கிருமி இறந்துவிடுகிறது. நிபா போன்ற வைரஸை நான்காம் நிலைப் பாதுகாப்புக் கூடத்தில்தான் கையாளலாம். நுண்ணோக்கி இருக்கும் அறை அப்படிப்பட்டது அல்ல. உள்ளே கொன்று, இறந்ததை உறுதி செய்து, பிறகே வெளியே தர வேண்டும். இதில் அவசரத்துக்கு இடமே இல்லை.

இனி, நிபாவுக்கும் லெப்டோஸ்பைராவுக்கும் பொதுவான விரைவு வழி: எதிர்மறைச் சாயம். சிட்னி பிரென்னரும் ராபர்ட் ஹோர்னும் 1959இல் எல்லோரும் செய்யும்படி இதை வகுத்துத் தந்தார்கள். எங்கள் கிரிட் என்பது 3 மில்லிமீட்டர் அகலமுள்ள செம்பு வலைத் தகடு. அதன் மேல் மெல்லிய கார்பன் படலம். அந்தப் படலத்தில் தண்ணீர் ஒட்டாது. அதனால் முதலில் மின்னொளிர்வில் வைத்து நீர் பரவும்படி செய்கிறோம். மெழுகுத்தாளில் வரிசையாகத் துளிகள்: கிருமிக் கரைசல் ஒரு துளி, சுத்த நீர் இரண்டு துளி, சாயம் ஒரு துளி. கூர்முனை இடுக்கியால் கிரிட்டை விளிம்பில் பிடித்து முதல் துளியின் மேல் கவிழ்த்து மிதக்கவிடுகிறோம். ஒரு நிமிடம். எடுத்து, வடிதாளின் ஓரத்தைக் கிரிட்டின் ஓரத்தில் தொட்டால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அடுத்து நீர், பிறகு சாயம், மறுபடி வடிதாள்.

சாயம் யுரேனைல் அசிடேட்டாக இருந்தால் நடுவில் நீரில் கழுவுவதை விடவே கூடாது. பாஸ்பேட் உப்பு மிச்சம் இருந்தால் இரண்டும் சேர்ந்து மணல்மணலாகப் படிந்து படத்தைப் பாழாக்கும். கடைசியில் வடிதாள் எவ்வளவு ஈரத்தை விட்டுவைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதிகம் விட்டால் ஒரே கறுப்பு. முழுக்க உறிஞ்சினால் ஒன்றும் தெரியாது. சரியாக விட்டால் உலோகம் கிருமியைச் சுற்றிப் படிந்து பின்புலம் இருளும். கிருமி வெளிச்சமாக நிற்கும். லெப்டோஸ்பைராவின் சுருளும், முனைக் கொக்கியும், உறைக்கு உள்ளே ஒவ்வொரு முனையிலிருந்தும் ஓடும் ஒற்றை இழையும் அப்போது தெரியும். இத்தனைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். நோய் பரவும் காலத்தில் இந்த வேகத்துக்கு விலையே இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய பத்து லட்சம் துகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். செல்லில் வளர்த்துப் பெருக்கிய பிறகு பார்ப்பது இதனால்தான். 2020 ஜனவரி 30இல் கேரளத்தில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி உறுதியானார். அவருடைய தொண்டைச் சளி மாதிரியைப் புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தார் நிலைநிறுத்தி, எதிர்மறைச் சாயமிட்டு நேராகவே பார்த்தார்கள். மொத்தம் ஏழு துகள்கள் கிடைத்தன. அதில் நன்றாகக் கெடாமல் இருந்த ஒன்று 75 நானோமீட்டர். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களும் தெரிந்தன. ஏழு துகளைத் தேடி எத்தனை கிரிட்டின் கண்களை ஒவ்வொன்றாகக் கடந்திருப்பார்கள் என்று இந்த வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

செல்லுக்கு உள்ளே வைரஸ் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டுமானால் விரைவு வழி போதாது. அங்கே சீவல்தான். அது நான்கைந்து நாள் வேலை. குளூட்டரால்டிஹைடுக்குப் பிறகு ஆஸ்மியம் டெட்ராக்சைடு கொழுப்புச் சவ்வுகளைப் பிடித்துக் கறுப்பாக்கும். அதன் ஆவி கண்ணில் பட்டால் கருவிழியையும் அது அதே மாதிரி பிடித்துவிடும்; ஆவிபோக்கிப் பெட்டிக்கு வெளியே அதைத் திறக்கவே கூடாது. பிறகு எத்தனால், படிப்படியாகச் செறிவைக் கூட்டி, தண்ணீர் முழுக்க வெளியேறும் வரை. பிறகு ரெசின் ஊற்றிச் சூட்டில் இறுகவைத்தல்.

இறுகிய கட்டியை அல்ட்ராமைக்ரோடோம் என்னும் சீவும் கருவியில் பொருத்தி, கண்ணாடிக் கத்தியாலோ வைரக் கத்தியாலோ சீவுகிறோம். கத்தியின் பின்னால் ஒரு சிறு தொட்டியில் தண்ணீர். சீவல் ஒவ்வொன்றாகக் கத்தியிலிருந்து இறங்கி நீரில் மிதக்கும். தடிமனை அளக்கக் கருவி தேவையில்லை, நிறம் சொல்லிவிடும். வெள்ளி நிறம் என்றால் 60 முதல் 90 நானோமீட்டர், நமக்கு வேண்டியது அது. பொன்னிறம் கொஞ்சம் தடிமன். ஊதா என்றால் தள்ளிவிடலாம். சீவலில் சுருக்கம் இருந்தால் குளோரோஃபார்மில் நனைத்த குச்சியை மேலே காட்டுவோம். ஆவி பட்டதும் சுருக்கம் விரியும். சீவல்களை ஒன்றாகத் திரட்டிக் கிரிட்டுக்குக் கொண்டுவர உலகம் முழுவதும் பயன்படும் கருவி, குச்சி முனையில் ஒட்டிய ஒரு கண்ணிமை முடி. அதைவிட மென்மையாகவும் அதைவிட உறுதியாகவும் தள்ளக்கூடிய வேறொன்று கிடைக்கவில்லை.

பிறகு சீவலுக்கு ஈயச் சாயம். இதில் மூச்சுகூடத் தவறு. மூச்சில் இருக்கும் கரியமில வாயு ஈயத்தோடு சேர்ந்து ஈயக் கார்பனேட்டாக, கறுப்புப் புள்ளிகளாகச் சீவல் முழுவதும் விழும். அதனால் மூடிய தட்டுக்குள் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைச் சுற்றி வைத்து, அந்த வாயுவை அது உறிஞ்சும்படி செய்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்வோம். அந்தப் புள்ளிகளைப் பார்த்து வைரஸ் என்று சொன்ன மாணவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அளவும் நிறமும் ஏமாற்றக்கூடியவைதான்.

பாக்டீரியாவின் மேற்புறத்தை மட்டும் பார்க்கும் வேறு வகை நுண்ணோக்கி உண்டு. அதற்குச் சீவல் வேண்டாம். உலர்த்தி, மேலே மெல்லியதாகத் தங்கம் பூசினால் போதும். சிக்கல் உலர்த்துவதில். தண்ணீர் தானாகக் காய்ந்தால் அதன் பரப்பு இழுவிசை செல்லை நசுக்கித் தட்டையாக்கிவிடும். அதற்கு ஆண்டர்சன் 1951இல் ஒரு வழி சொன்னார்: திரவக் கரியமில வாயுவை உள்ளே நிரப்பி, 31 டிகிரிக்கு மேல் அழுத்தத்தோடு சூடாக்கினால் திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே பரப்பே இல்லாமல் போகும். இழுக்கப் பரப்பு இல்லை. செல் உருண்டையாகவே நிற்கும்.

இத்தனை கவனம் ஏன் என்று கேட்டால், மீசோசோமின் கதையைச் சொல்வேன். 1950களில் பாக்டீரியாவின் சீவல்களைப் பார்த்தவர்கள், சவ்வு உள்நோக்கி மடிந்து சுருண்ட ஒரு பையைக் கண்டார்கள். அதற்கு மீசோசோம் என்று பெயர் வைத்தார்கள். செல் பிரிய அது உதவுகிறது, மூச்சு விட உதவுகிறது என்று வேலைகளும் கொடுத்தார்கள். பாடநூல்களில் படம் வந்தது. தேர்வில் கேள்வி வந்தது. பிறகு பாக்டீரியாவை வேதிப்பொருள் இல்லாமல் மின்னல் வேகத்தில் உறையவைத்துப் பார்த்தார்கள். பை இல்லை. நிலைநிறுத்தும் வேதிப்பொருள் சவ்வைத் தொட்டதும் அது மடிந்திருக்கிறது. அந்த மடிப்புக்குத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் விளக்கம் எழுதினார்கள். எழுதியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். படத்தை எடுத்தவர்களும் பொய் சொல்லவில்லை. நுண்ணோக்கி தன் முன் வைத்ததைச் சரியாகவே காட்டியது.

வேலூர்ச் சம்பவம் எனக்கு இன்னும் நெருக்கமானது. 1975இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மின்னி மத்தன், வி. ஐ. மத்தன், பேக்கர் முதலியோர் மனித மலத்தை எதிர்மறைச் சாயமிட்டுப் பார்த்து, ஒழுங்கற்ற வடிவில், ஓரமெல்லாம் நீட்சிகளோடு இருந்த துகள்களைக் கண்டு லான்செட் இதழில் எழுதினார்கள். கொரோனா வைரஸை ஒத்த துகள்கள். உலகில் மிகச் சில இடங்களில்தான் அப்போது அதைக் கண்டிருந்தார்கள். பிறகு நீண்ட காலம் விவாதம் நடந்தது: இவை வைரஸா, அல்லது குடல் செல்களின் சவ்வு கிழிந்து உருண்ட துணுக்குகளா? எதிர்மறைச் சாயத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியக்கூடும். வேலூரில் இருந்தவர்கள் தாங்கள் கண்டதை வைரஸ் என்று அடித்துச் சொல்லாமல், வைரஸ் போன்ற துகள்கள் என்றே எழுதினார்கள். அந்தச் சொல்லடக்கத்தை மாணவர்கள் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். சுவா காவ் பிங்கும் படத்தோடு நிற்கவில்லை. இரத்தச் சோதனை, மரபணுச் சோதனை எல்லாம் சேர்ந்துதான் நிபா உறுதியானது. பிறகு அவர் குழுவினர் தியோமான் தீவுக்குப் போய், பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்துச் சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து வைரஸைப் பிரித்தார்கள். நம் மெர்சிங்கிலிருந்து படகேறிப் போகும் அதே தீவு.

உறையவைக்கும் முறை இப்போது வெகுதூரம் வந்துவிட்டது. ழாக் துபோஷே 1980களின் தொடக்கத்தில் நீரைப் பனிக்கட்டியின் படிகம் உண்டாகாமல் கண்ணாடி நிலையில் உறையவைக்கும் வழியைக் கண்டார். மாதிரியைத் திரவ ஈத்தேனுக்குள் சட்டென்று முக்கினால் நீர் படிகமாக நேரம் இல்லை. சாயம் வேண்டாம், நிலைநிறுத்தம் வேண்டாம். 2017இல் அவருக்கும் ஃபிராங்குக்கும் ஹெண்டர்சனுக்கும் நோபல் கிடைத்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ரைபோசோமின் அமைப்புக்காக 2009இல் நோபல் பெற்றது எக்ஸ்ரே படிகமுறையால். பிறகு அவருடைய கேம்பிரிட்ஜ் ஆய்வகமும் இந்த உறைமுறைக்கு மாறியது. ஆனாலும் அங்கேயும் வடிதாள் உண்டு. கிரிட்டில் நீர்ப்படலம் எவ்வளவு மெல்லியதாக நிற்கிறது என்பதில்தான் இன்றும் பாதி நாள் போகிறது.

ஆறாம் படிவத்து மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பல்கலைக்கழகம் போய், நுண்ணோக்கி அறைக்குள் போகும் வாய்ப்புக் கிடைத்தால், கருவியை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். பக்கத்து அறையில் மாதிரி தயாரிப்பவரிடம் போய், அவருடைய குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கரைசல், எத்தனை நிமிடம், எந்தக் கிரிட் பெட்டியின் எந்தக் குழி என்று ஒவ்வொரு மாதிரிக்கும் எழுதியிருப்பார். சந்தேகம் வரும்போது எல்லோரும் திரும்பிப் போவது அந்தக் குறிப்பேட்டுக்குத்தான். ஆய்வுக் கட்டுரையின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். உங்கள் காலத்தில் அது மாற வேண்டும்.

மேசையில் ஒரு கிரிட் பெட்டியும், இரண்டு இடுக்கியும், உருப்பெருக்கியும், ரெசின் கட்டி ஒன்றும் வைத்திருக்கிறேன். எந்தக் கிருமியும் இல்லாத வெறும் கிரிட்தான், பயம் வேண்டாம். முதலில் பிள்ளைகள் வரட்டும். விளிம்பில் மட்டும் பிடியுங்கள்; நடுவில் பட்டால் படலம் கிழிந்துவிடும். கேள்விகளை அங்கேயே கேட்கலாம்.